கரண்டிச் சத்தம்

டெனிஸ்லி நகரில் எங்கள் துண்டுத் தொழிற்சாலையில்
பத்தே காலுக்குத் தேநீர் இடைவேளை.
இடை சிறுத்த கண்ணாடிக் குவளைகளில்
நாற்பது பெண்களின் கரண்டிகள்
ஒரே நேரத்தில் சுழலும்.
தையல் இயந்திரங்கள் ஓய்ந்த கூடத்தில்
அது ஒரு சின்ன மழை.

அந்த மழைக்கு வெளியே என்னை நிறுத்தினார்
சுகாதார நிலையத்து இளம் மருத்துவர்.
மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி ஒன்று.
"உங்களுக்குச் சர்க்கரை, நாஸிரே ஹானிம்."

எங்கள் மொழியிலும் நோய்க்கு அதுதான் பெயர்.
என்னவருக்கு நானும் அதுதான்.
இருபத்தாறு வருடமாய்
"சர்க்கரையே, சாவி எங்கே?"
அன்று மாலையிலிருந்து வெறும் நாஸிரே ஆனேன்.
பாவம், நல்லெண்ணம்தான்.
தேன் புட்டியையும்
அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளி வைத்தார்.

மாத்திரை குடலைப் புரட்டியது.
கையில் தந்த தாளில் ஒரு தட்டு வரைந்திருந்தது.
அதில் ரொட்டிக்கு ஒதுக்கிய இடம்
என் உள்ளங்கையைவிடச் சிறியது.
இரவில் போர்வைக்குள் கால் விரல்களை எண்ணினேன்.
பத்து.
மறுபடி எண்ணினேன்.

தொழிற்சாலையில் மூச்சு விடவில்லை.
கட்டி போடாத தேநீரில்
கரண்டியை விட்டுச் சுழற்றினேன்
எல்லாரையும்போல,
கொஞ்சம் பலமாகவே.

பதினோராம் நாள்
மடிப்புப் பிரிவுப் பெரிஹான்
என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.
"கட்டி கரையுற சத்தம் வேற," என்றாள்.
"முதல்ல கரகரக்கும். அப்புறம்தான் கிணுகிணுக்கும்.
உன்னது எடுத்ததுமே கிணுகிணுக்குது.
நான் ஒரு வருஷம் இப்படித்தான் கிண்டினேன்."

கழிப்பறைக் கண்ணாடி முன்னால்
விரல் குத்தச் சொல்லிக்கொடுத்தாள்.
நுனியின் நடுவில் வேண்டாம், ஓரமாய்க் குத்து.
வலி குறைவு, சீக்கிரம் மூடிக்கொள்ளும்.
வெள்ளைக் குளியலங்கியில் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்தால்
சம்பளத்தில் பிடிப்பார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பத்தொன்பது வருடம் தையல் ஊசி ஏறி இறங்கிய விரல்.
இந்த மயிரிழை முள்ளுக்குப் போய்
கண்ணை இறுக மூடுகிறேன்.

செவ்வாய்தோறும் வேலை முடிந்து
நால்வர் நடக்கிறோம்.
சாயப் பட்டறை இல்யாஸுக்கு
இடக்காலில் கட்டைவிரல் இல்லை,
எங்களில் வேகம் அவர்தான்.
கணக்கர் முருவ்வெத் வால்நட் கொண்டுவருவாள்,
ஆளுக்கு ஐந்து, எண்ணித்தான் தருவாள்.
நூற்று நாற்பது, நூற்று எழுபத்தெட்டு என்று
பேருந்து எண்களைப்போல் சொல்லிக்கொள்வோம்.
அறுத்து அறுத்து அறிவுரை கூடாது என்று ஒப்பந்தம்.
இல்யாஸ் மட்டும் லவங்கப்பட்டைக்காக அதை மீறுவார்.
காதில் விழாததுபோல் நடப்போம்.

நோன்பு முடிந்து பெருநாள் வந்தது.
எங்கள் பக்கம் அதற்கே
சர்க்கரைப் பெருநாள் என்று பெயர்.
ஏழு வீடுகளில் பக்லாவாவை மறுத்து
ஏழு பேரை வருத்தப்பட வைத்துவிட்டு
நள்ளிரவில் என் சமையலறையில் நின்றபடியே
நான்கு துண்டு.
பாகு மணிக்கட்டு வரை வழிந்தது.

காலையில் இருநூற்று அறுபத்தொன்று.
மூவருக்கும் அனுப்பினேன், எண்ணை மட்டும்.
பெரிஹான் கேட்டாள்: "பிஸ்தாவா, வால்நட்டா?"
முருவ்வெத் எழுதினாள்: "எனது இருநூற்றுத் தொண்ணூறு.
எனக்கு வெட்கமில்லை, வயிறுதான் சரியில்லை."
இல்யாஸ்: "தண்ணீர் குடி.
அவளையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன்."

ஏன் தின்றாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

கடைகள் மூடிய தெருவில் நடந்தோம்.
புத்தாடைப் பிள்ளைகள் வழிமறித்தார்கள்.
வீடு வீடாய்ச் சட்டைப்பையில் சேர்ந்த மிட்டாய்களை
மூவரும் கொட்டிக் கொடுத்தோம்,
பொட்டலம் பிரிக்காமல்.

மூன்றாம் மாடியிலிருந்து,
ஒரு கையில் ஷூவோடு,
பெரிஹான் தெருவே கேட்கக் கத்தினாள்:
"நில்லு சர்க்கரையே, நானும் வரேன்!"

மூன்று பேரும் திரும்பினோம்.